ஹைலேண்ட் கேம்ஸுக்கு முதல் தடவை போகிறீர்களா? முந்தின ராத்திரியிலிருந்து ஆரம்பியுங்கள்

ஸ்காட்லாந்துக்குக் குடிவந்து முதல் கோடை பிறந்ததும், அலுவலகத்திலோ பள்ளிக்கூட வாசலிலோ யாராவது ஒருவர் "கேம்ஸ் பார்த்தாச்சா?" என்று கேட்டே தீருவார். அவர் கேட்பது கால்பந்தைப் பற்றி அல்ல. மே முதல் செப்டம்பர் வரை, பெரும்பாலும் சனி ஞாயிறுகளில், ஊருக்கு ஒரு நாள் என்று நடக்கும் ஹைலேண்ட் கேம்ஸைப் பற்றி. பேக்பைப் என்ற காற்றுப்பை வாத்தியம், நடனம், மரத்தூண் எறிதல், ஓட்டப்பந்தயம், கயிறு இழுத்தல் என்று எல்லாம் ஒரே மைதானத்தில் ஒரே சமயத்தில் நடக்கும். முதல் தடவை போகிறவருக்கு எதைப் பார்ப்பது என்றே புரியாது. அதற்குள் மழை வந்துவிடும்.

புதிதாக வந்திருக்கும் நம் குடும்பங்களுக்காக, முக்கியமாகக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது அபர்டீன் என்பதால் உதாரணங்கள் டீ (Dee) ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வரும். கிளாஸ்கோ, எடின்பரோக்காரர்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த ஊருக்குப் போவது

எல்லாரும் முதலில் சொல்வது பிரேமார். செப்டம்பர் முதல் சனிக்கிழமை நடக்கும். விக்டோரியா மகாராணி 1848-ல் வந்து பார்த்தார், அன்றிலிருந்து அரச குடும்பத்துக்கும் இதற்கும் உறவு. பக்கத்திலேயே பால்மோரல் அரண்மனை. அரசர் வருகிற நாள் என்பதால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும், கூட்டமும் அதற்கேற்றபடி இருக்கும். என்னைக் கேட்டால், முதல் வருஷம் பிரேமார் வேண்டாம். அரசர் வந்து இறங்குகிற நேரத்தில் பாதி மைதானம் போட்டியை விட்டுவிட்டு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கும். விளையாட்டு என்னவென்று தெரிந்துகொண்ட பிறகு, இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ போங்கள்.

முதல் தடவைக்குச் சின்ன ஊர்தான் சரி. அபர்டீனிலிருந்து மேற்கே சுமார் 48 கிலோமீட்டரில் அபோய்ன் இருக்கிறது. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, ஊர் நடுவில் இருக்கும் புல்வெளியில் 1867 முதல் நடந்துவருகிறது. ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்தால் கொஞ்ச தூரத்திலேயே ஆட்டம். இன்னும் மேற்கே பேலட்டரில் ஆகஸ்ட் இரண்டாம் வியாழக்கிழமை. வேலை நாள்தான், ஆனால் பள்ளிக்கூட விடுமுறை முடிவதற்குள் வந்துவிடும். ஸ்ட்ராத்டானில் நடக்கும் லோனாக் வேறு மாதிரி: ஆகஸ்ட் நான்காம் சனிக்கிழமை காலையில், கில்ட் என்ற கட்டம்போட்ட பாவாடை கட்டிய ஆண்கள் கையில் ஈட்டியோடு வரிசையாக ஊரைச் சுற்றி நடப்பார்கள், வழியில் சில வீடுகளில் நின்று விஸ்கி குடிப்பார்கள், பிறகு மைதானத்துக்குள் நுழைவார்கள். பார்க்க வேண்டிய காட்சி. கார் இல்லாமல் அங்கே போவது கஷ்டம்.

தெற்கே இருப்பவர்களுக்கு ஃபைஃப் பகுதியில் சீரஸ் கிராமம். ஜூன் கடைசிச் சனிக்கிழமை. 1314-ல் இங்கிலாந்துப் படையை ஸ்காட்லாந்து வென்ற பேனக்பர்ன் போரிலிருந்து ஊர்க்காரர்கள் திரும்பி வந்ததைக் கொண்டாட ஆரம்பித்ததுதான் இது, ஸ்காட்லாந்திலேயே பழையது என்பது அந்த ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுக்காத பெருமை. வீட்டில் நடனம் கற்கும் பிள்ளை இருந்தால் டனூன் நகரத்தில் ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் கோவல் கேதரிங் போங்கள். ஹைலேண்ட் நடனத்தின் உலக சாம்பியன்ஷிப் நடக்கும் இடம் அது. கிளாஸ்கோ சென்ட்ரலில் ரயில் ஏறி கூராக்கில் இறங்கி, அங்கிருந்து படகு. படகுப் பயணமே பிள்ளைகளுக்குப் பாதித் திருவிழா. பிட்லாக்ரியில் செப்டம்பரில் நடக்கும் கேம்ஸும் காரில்லாதவர்களுக்கு வசதி, ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

பஸ்ஸா, காரா

அபர்டீனிலிருந்து டீ ஆற்றோரமாக 201-ம் நம்பர் பஸ் போகிறது. பாங்கரி, அபோய்ன், பேலட்டர் எல்லாம் அதே வழிதான். 5 முதல் 21 வயது வரை இருப்பவர்களுக்கு ஸ்காட்லாந்து முழுவதும் பஸ் இலவசம், ஆனால் அதற்குரிய அட்டை கையில் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் வசித்தால் போதும், பாஸ்போர்ட் எந்த நாடு என்பது பிரச்சினை இல்லை. பலர் விண்ணப்பிக்காமலேயே வருஷக்கணக்கில் டிக்கெட் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அட்டை தபாலில் வர நாளாகும், ஆகவே ஜூன் மாதமே போட்டுவிடுங்கள். திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே பார்த்து வையுங்கள்.

கார் என்றால் நிறுத்துமிடம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வயல். முந்தின நாள் மழை பெய்திருந்தால் சக்கரம் சேற்றில் புதையும். மேட்டுப் பக்கமாக நிறுத்துங்கள். இன்னொன்று, வண்டி ஓட்டுகிறவர் பீர் கூடாரத்தின் பக்கம் போகவே வேண்டாம். 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம். இங்கிலாந்தில் அது 80. "ஒன்றே ஒன்றுதானே" என்று லண்டன் நண்பர் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது.

முந்தின ராத்திரி

அந்த நாள் நன்றாகப் போவதும் போகாததும் முந்தின ராத்திரி சமையலறையிலேயே முடிவாகிவிடும். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் உண்மை.

முதலில் சாப்பாடு. புளிசாதம், லெமன் சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி என்று ஆறினாலும் சாப்பிடக்கூடியதைக் கட்டுங்கள். தயிர் சாதம் இந்தக் குளிரில் பிள்ளைகளுக்கு இறங்காது. பிளாஸ்க்கில் சூடான டீயோ ரசமோ அவசியம். ஆகஸ்டில் 20 டிகிரியைத் தொட்டாலே இங்கே கொளுத்துகிற வெயில் என்பார்கள். ஆனால் ஒரு மேகம் மறைத்ததும் ஸ்வெட்டர் தேட வேண்டிவரும்.

குடை வேண்டாம். காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் மறைக்கும். தொப்பி வைத்த மழைக்கோட்டு ஆளுக்கொன்று. ஜீன்ஸ் நனைந்தால் மாலை வரை காயாது, அதனால் லேசான பேண்ட். அடிப்பக்கம் ஈரம் ஏறாத விரிப்பு. பிள்ளைகளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை. கைக்குழந்தை இருந்தால் காதுமூடி கட்டாயம். பைப் பேண்டு பக்கத்தில் வரும்போது அந்தச் சத்தம் பெரியவர்களுக்கே அதிகம்.

அப்புறம் மிட்ஜ். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டிக் கடிப்பூச்சி, கூட்டமாக வரும். காற்றில்லாத ஈரமான காலையிலும் மாலையிலும்தான் அதன் ராஜ்ஜியம். வெயிலும் காற்றும் இருந்தால் தலைகாட்டாது. மருந்துக்கடையில் 'ஸ்மிட்ஜ்' என்று கேட்டால் ஒரு ஸ்ப்ரே தருவார்கள். பையில் போட்டு வையுங்கள். கடைசியாகச் சில்லறைப் பணம். பல கடைகளில் கார்டு எடுப்பார்கள்தான், ஆனால் கிராமத்து வயலில் சிக்னல் போனால் அந்த இயந்திரமும் போச்சு. பிள்ளைகளுக்கான விளையாட்டு, குலுக்கல் சீட்டு, வீட்டில் செய்த கேக் விற்கும் மேஜை எல்லாவற்றுக்கும் நாணயம்தான் கைகொடுக்கும்.

மைதானத்துக்குள்

உள்ளே போனதும் முதல் வேலை, நிகழ்ச்சிநிரல் புத்தகம் வாங்குவது. எத்தனை மணிக்கு எது, எந்த எண் போட்டிருப்பவர் யார் என்று அதில் இருக்கும். அது இல்லாமல் உட்கார்ந்தால் நாள் முழுக்க "இப்ப என்னப்பா நடக்குது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோவீர்கள்.

நடுவில் கனமான பொருட்களை எறியும் போட்டிகள், ஒரு பக்கம் நடன மேடை, தள்ளி ஒரு மூலையில் தனியாகப் பைப் வாசிப்பவர்கள், இவற்றைச் சுற்றி ஓட்டப்பாதை. இதுதான் பொதுவான அமைப்பு. எறியும் இடத்துக்கும் நடன மேடைக்கும் இடைப்பட்ட இடமாகப் பார்த்து விரிப்பைப் போடுங்கள்.

பெயர் பெற்றது கேபர் எறிதல். கேபர் என்பது சுமார் 6 மீட்டர் நீளமுள்ள மரத்தூண், எடை சாதாரணமாக 60 முதல் 80 கிலோவுக்குள். புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லாரும் யார் தூரமாக எறிந்தார் என்று பார்ப்பார்கள். தூரத்துக்கு இங்கே மதிப்பே இல்லை. தூணின் ஒல்லியான முனையை இரு கைகளிலும் ஏந்தி, தோளில் சாய்த்து, நாலடி ஓடி, அப்படியே மேலே தூக்கிவிடுவார். கனமான மேல்முனை தரையில் குத்த வேண்டும். கையிலிருந்த முனை வானத்தில் அரைவட்டம் போட்டு, எறிந்தவருக்கு நேர் எதிர்ப்பக்கமாகப் போய் விழ வேண்டும். கடிகாரத்தில் 12 மணி முள் போல நேராக விழுந்தால் முழு மதிப்பு. 11, 1 என்று சாய்ந்தால் குறையும். நடுவர் எறிபவரின் பின்னாலேயே ஓடுவது இதைப் பார்க்கத்தான். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. யாராலும் புரட்ட முடியாத தூணாக இருந்தால், ரம்பத்தைக் கொண்டுவந்து ஒரு துண்டை அறுத்துவிட்டு மறுபடி எறியச் சொல்லும் வழக்கமும் உண்டு. தூண் நிமிர்ந்து நிற்கும் அந்த ஒரு நொடி, இந்தப் பக்கம் விழுமா அந்தப் பக்கம் விழுமா என்று மைதானமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அப்போது பிள்ளைகளின் முகத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

சுத்தியல் எறிபவரின் பூட்ஸைக் கவனியுங்கள். முன்பக்கம் நீளமான கத்தி போன்ற தகடு நீட்டிக்கொண்டிருக்கும். ஒலிம்பிக்கில் செய்வதுபோல இங்கே சுழன்று சுழன்று எறியக் கூடாது. தகட்டை மண்ணில் ஊன்றி, கால் நகராமல், தலைக்கு மேல் சுற்றி விட வேண்டும். 56 பவுண்டு, அதாவது 25 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே உள்ள எடையை ஒற்றைக் கையால், முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேலிருக்கும் குறுக்குக் கம்பியைத் தாண்டி எறிவது இன்னொன்று. நம்மூர் அரிசி மூட்டை ஒன்றின் எடை அது. விதி எதுவும் தெரியாத நாலு வயசுப் பிள்ளைக்கும் இது புரியும்.

நடன மேடையில் அவசரப்படாமல் உட்காருங்கள். எண் அட்டை குத்திய பிள்ளைகள் மூன்று நான்கு பேராக ஏறி ஆடுவார்கள், நடுவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஹைலேண்ட் ஃபிளிங் நின்ற இடத்திலேயே குதித்து ஆடுவது. பாதத்தின் முன்பகுதியில் ஊன்றி, மேடையில் சத்தமே வராமல் இறங்குவதில்தான் திறமை. வாள் நடனத்தில் இரண்டு வாள்களைக் குறுக்காகத் தரையில் வைத்து, கீழே பார்க்காதது போலவே அவற்றின் நடுவில் ஆடுவார்கள். கால் பட்டு வாள் நகர்ந்துவிட்டால் அந்தச் சுற்று அவருக்கு அவ்வளவுதான். ஷான் ட்ரூஸ் என்ற ஆட்டத்தில் காலை உதறுகிற அசைவு ஒன்று வரும். 1746-ல் ஹைலேண்ட் ஆண்கள் கில்ட் உடுத்தக் கூடாது என்று லண்டன் அரசு சட்டம் போட்டு, 1782 வரை அது நீடித்தது. கில்ட்டுக்குப் பதிலாகப் போட வேண்டிவந்த கால்சட்டையை உதறித் தள்ளுவதுதான் இந்த அசைவு என்று சொல்வார்கள். பரதம் படிக்கும் பெண் பிள்ளைகள் இந்த மேடையை விட்டு நகர மாட்டார்கள், அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பைப் வாசிப்பைப் பற்றி நம்மவர்கள் பலர் "ஒரே சத்தம்" என்று ஒதுக்குவதுண்டு. நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அவ்வளவு அந்நியமில்லை. தோளில் சாய்ந்திருக்கும் மூன்று குழல்கள் ஒத்து ஊதுபவர்போல ஒரே சுருதியைப் பிடித்து நிற்கும். கையில் விரல் வைக்கும் குழலில்தான் பாட்டு, அதிலும் மொத்தம் ஒன்பதே சுரங்கள். மூலையில் தனியாக வாசிப்பவர் மெதுவாக நடந்துகொண்டே ஒரு நீண்ட உருப்படியை வாசித்தால் அது பிப்ராக். கால் மணி நேரம்கூடப் போகும். அந்த இடத்தில் பேச்சு வேண்டாம், நடுவர் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். எல்லா பேண்டுகளும் சேர்ந்து அணிவகுக்கும் நேரத்தைப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொண்டு, அதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

ஓட்டப்பந்தயத்தில் ஆளாளுக்கு ஒரு கோட்டிலிருந்து ஓடத் தொடங்கினால் குழம்ப வேண்டாம். வேகமாக ஓடுகிறவருக்குத் தூரம் கூடுதல், பரிசுப் பணமும் உண்டு. பிள்ளைகள் ஓட்டத்துக்கு அங்கேயே பெயர் கொடுக்கலாம், தயங்காமல் கொடுங்கள். 'உள்ளூர்' என்று போட்டிருக்கும் போட்டிகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வசிப்பவர்களுக்கு. நீங்கள் அங்கேயே குடியிருந்தால் நீங்களும் உள்ளூர்தான்.

சாப்பாட்டுக் கடைகள்

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்க வேண்டும். பிரைடி என்பது மாவை மடித்துச் சுட்ட பண்டம், உள்ளே மாட்டிறைச்சி. 'ஸ்காட்ச் பை' (pie) என்ற, மாவுக்கிண்ணத்தில் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டத்தில் ஆட்டிறைச்சிதான் மரபு, இப்போது மாட்டிறைச்சியும் வைக்கிறார்கள். ஹேகிஸ் ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்தது, ஆனால் கொழுப்பு மாட்டுடையதாக இருக்கலாம். பிளாக் புட்டிங் பன்றி ரத்தம். சிப்ஸைக்கூட மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் உண்டு, "எண்ணெய் எது?" என்று கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சைவக்காரர்களுக்கு மக்ரோனி பை இருக்கிறது. பல இடங்களில் சைவ ஹேகிஸும் கிடைக்கும். மிளகு தூக்கலாக இருப்பதால் நம் நாக்குக்கு ஒத்துப்போகும். டேப்லெட் என்றால் மாத்திரை இல்லை. சர்க்கரை, வெண்ணெய், கண்டென்ஸ்டு மில்க் சேர்த்துக் காய்ச்சிய மிட்டாய். ஒரு துண்டுக்கு மேல் கொடுத்தால் ராத்திரி பிள்ளைகள் தூங்க மாட்டார்கள்.

உடை, போட்டோ

கில்ட் கட்டிக்கொண்டு போனால் யாராவது ஏதாவது நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம், சந்தோஷம்தான் படுவார்கள். வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஸ்காட்லாந்துக் குலப்பெயரும் அதற்குரிய கட்டத்துணியும் இல்லாதவர்கள் பிளாக் வாட்ச் மாதிரியான பொதுவான கட்டத்துணியை உடுத்தலாம். மடிப்பு பின்னால் வர வேண்டும், அவ்வளவுதான். வேட்டி கட்டிப் போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தாராளமாக, ஆனால் பெல்ட் போடுங்கள். டீ பள்ளத்தாக்கின் காற்றுக்கு ஒட்டிக்கோ வேட்டியின் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

நடனப் பிள்ளைகளைக் கிட்டப் போய் போட்டோ எடுப்பதானால் பெற்றோரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டிக் குறுக்கே நடக்கவே கூடாது. பறக்கும் சுத்தியலுக்கு விருந்தாளி என்று தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு

களைப்பில் அப்படியே சோஃபாவில் விழத் தோன்றும். அதற்கு முன் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் புல்லிலும் பெரணிச் செடிக்குள்ளும் உருண்டிருப்பார்கள். முழங்காலின் பின்பக்கம், அக்குள், இடுப்பு, காதின் பின்னால், தலைமுடிக்குள் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எள்ளளவு கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால், கூர்மையான சாமணத்தால் தோலோடு ஒட்டிய இடத்தில் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, நெருப்பு காட்டுவது எல்லாம் வேண்டாம். கடித்த இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் வட்டமாகப் பரவும் தடிப்போ காய்ச்சலோ வந்தால் ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) போய் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். உண்ணிக்கடியால் வரும் லைம் நோய்க்கு ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகிவிடும்.

அடுத்தது ஈரத்துணி. ரேடியேட்டர் மேல் வரிசையாகப் போட்டுவிட்டு ஜன்னலையும் சாத்திவிட்டால், ஒரே வாரத்தில் சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சை வந்து நிற்கும், வீட்டுக்காரரிடமிருந்து மின்னஞ்சலும் வரும். பழைய கல் கட்டட வீடுகளில் சமையலறைக் கூரையிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்ட மரச்சட்டம் இருக்கும். அதை இறக்கி, துணியை விரித்து, மறுபடி மேலே இழுத்துக் கட்டிவிட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். இங்கே பாட்டி காலத்து ஏற்பாடு, இன்றைக்கும் இதற்கு ஈடில்லை. ஒன்றே ஒன்று, அன்று மீன் பொரிக்காதீர்கள். சேற்று பூட்ஸைப் பொதுப் படிக்கட்டில் தட்டாமல், வாசலிலேயே செய்தித்தாளின் மேல் வையுங்கள். சில கட்டடங்களில் அந்தப் படிக்கட்டைக் கழுவுவது குடியிருப்பவர்களின் முறை. இந்த வாரம் கீழ்வீட்டு அம்மாவின் முறையாக இருந்தால் திங்கட்கிழமை முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

மறுநாள் பிள்ளைகளுக்குக் கேம்ஸ் நினைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஷார்ட்பிரெட் செய்யக் கூப்பிடுங்கள். கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று: சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200 கிராம், மைதா 300 கிராம். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மாவைச் சேர்த்து, அதிகம் பிசையாமல் தட்டில் அழுத்தி, முள்கரண்டியால் குத்திவிட்டு 160 டிகிரியில் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். வெளிறிய பொன்னிறம் வந்தால் போதும், சிவக்கக் கூடாது. சூட்டோடு கத்தியால் கோடு போட்டு வைத்து, ஆறிய பிறகு உடையுங்கள். மைதாவில் ஒரு கைப்பிடியைக் குறைத்து அரிசி மாவு போட்டால் நறநறப்பு கூடும். இதை இங்கேயும் செய்கிறார்கள், நம் வீட்டு டப்பாவில் எப்படியும் இருக்கும். கீழ்வீட்டுக்கு ஒரு தட்டு கொடுத்து அனுப்புங்கள். பூட்ஸ் விஷயம் எப்படிப் போயிருந்தாலும் அது உதவும்.

பேலட்டர் கேம்ஸ் வேலை நாளில் வருகிறது என்று சொன்னேன் அல்லவா, அந்த வியாழக்கிழமைக்கு லீவு போட நினைத்தால் ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் அலுவலகத்தில் இருந்தால் அவர்களும் அதே நாளைத்தான் கேட்பார்கள்.